சரிவு மைதானத்திலிருந்து மகனுக்கு

1963 ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். நீ பிறந்து மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது. எடை ஆறு இறாத்தல் பதினான்கு அவுன்ஸ். கால் விரல்கள் பத்து. இரண்டு தடவை எண்ணினேன். மூன்றாம் தடவை எண்ணப் போனபோது தோட்டத்து ஆஸ்பத்திரி மருத்துவச்சி அம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டார். "பிள்ளைய எஞ்சின் மாதிரி பிரிச்சுப் பாக்காதீங்க தம்பி, எல்லாம் சரியாத்தான் பூட்டியிருக்கு" என்றார். அதனால் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மருந்து எழுதும் கடதாசிக் கட்டில் பாதியைக் கேட்டு வாங்கி, இதை எழுதுகிறேன்.

நீ இதை இருபத்தொரு வயதில் படிக்க வேண்டும். அப்போது எனக்கு நாற்பத்தொன்பது. அந்த வயதில் எழுதினால் நான் ஆடிய ஆட்டத்தைப் பற்றிப் பொய் சொல்வேன். நாற்பது தாண்டிய உதைபந்தாட்டக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். போன வருடம் கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து இந்த வருடம் வலைக்குள் போயிருக்கும். இருபத்தெட்டு வயதில் எனக்கு எல்லாம் சரியாக ஞாபகம் இருக்கிறது, பொறுமைதான் இல்லை. ஆகவே இப்போதே எழுதிவிடுகிறேன். உன் அம்மா உள்ளே தூங்குகிறாள். தூங்குவதற்கு முன் அவள் கேட்டது: "என்னங்க, மூஞ்சியப் பாத்தீங்களா, இல்ல காலை மட்டுந்தான் பாத்தீங்களா?" மூஞ்சியையும் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

என்னைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் எழுதிவைக்கிறேன். ஸ்டோரில், அதாவது நம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், நான் ஃபிட்டர். கொழும்பில் ஒரு பட்டறையில் இரண்டு வருடம் பயிற்சி எடுத்தவன், அங்கே பந்தைத் தொட நேரம் கிடைக்கவில்லை. தோட்டத்து கிளப்புக்கு சென்டர் ஹாஃப். நடுவில் நின்று, எதிராளியின் பந்தை வாங்கி, நம் ஆளின் காலுக்கு அனுப்புவது என் வேலை. கோல் போடுபவனைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். அவனுக்குப் பந்து எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். பதினாறு வயதிலிருந்து எனக்கு ஒரே ஆசை: இந்த நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு ஆட்டம் ஆட வேண்டும். இந்தக் கடிதம் முழுக்க அந்தச் சட்டையைப் பற்றியதுதான்.

சட்டைக்கு இரண்டு இடைஞ்சல்கள் இருந்தன. ஒன்று சட்டம். எனக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது நாடு சுதந்திரமானது. அதே வருடம் ஒரு சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இங்கேயே பிறந்திருந்தாலும் இந்த நாட்டார் இல்லை என்றது. பிறகு, விண்ணப்பம் போடுங்கள், விசாரித்துப் பார்க்கிறோம் என்றார்கள். உன் தாத்தா போட்டார். வயது வராத பிள்ளை என்று அதில் என் பெயரும் இருந்தது. மற்ற இடைஞ்சல் நான்.

1954இல் விசாரணைக்கு அழைப்பு வந்தது. இங்கிலீஷில் வந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். தாத்தா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையிலிருந்து வந்து, முகம் கழுவி, கத்தியைச் சாத்தி வைத்துவிட்டு, அந்த உறையைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினார். சனிக்கிழமை காலை கண்டிக்கு வரவேண்டும், சாட்சியங்களோடு, என்று எழுதியிருந்தது. அதே சனிக்கிழமை பின்னேரம் ஹட்டனில் தோட்டங்களுக்கிடையிலான இறுதியாட்டம். பதினைந்து வருடத்தில் நம் கிளப் இறுதியாட்டத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. கண்டிக்குப் போய்த் திரும்பி ஆட முடியாது.

"என்னடா எழுதியிருக்கு?" என்றார்.

"நாள் தள்ளிப் போட்டிருக்காங்கப்பா. பெறகு சொல்லுவாங்களாம்."

"எப்பவாம்?"

"அதான் பெறகுன்னு எழுதியிருக்கே."

"சரி, அப்ப நானும் மேச் பாக்க வரலாம்" என்று சந்தோஷமாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

கடிதம் எழுதிக் கேட்டால் வேறு நாள் தருவார்கள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் தந்திருப்பார்களோ என்னவோ, நான் கேட்கவும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் எழுதலாம் என்றிருந்தேன். ஆட்டத்தில் மூன்றுக்கு இரண்டு என்று வென்றோம். மூன்றாவது கோலுக்குப் பந்து என் காலிலிருந்து போனது. ஹட்டனிலிருந்து தோட்டம் வரை தப்பு அடித்துக்கொண்டு நடந்து வந்தோம். கப்பில் தேத்தண்ணி ஊற்றி ஆளுக்கொரு வாய் குடித்தோம். உன் தாத்தா அந்தக் கப்பைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டோர் வாசலில் ஆடினார். அவர் ஆடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த ஆட்டத்தின் நடுவே எனக்கு எழுதவேண்டிய கடிதம் மறந்தே போனது. மூன்று மாதம் கழித்து, விண்ணப்பக்காரர் வராததால் விண்ணப்பம் தள்ளுபடி என்று இன்னொரு உறை வந்தது. அதை என் ஸ்பேனர் பெட்டிக்கு அடியில் வைத்தேன். ஐந்து வருடம் அங்கேயே இருந்தது.

தொழில் தெரிந்தவன் செய்கிற தவறுகளில் மோசமானது இதுதான், கேட்டுக்கொள். தெரியாத வேலையில் பிழை விடுவதைச் சொல்லவில்லை. இன்னொருத்தருக்குத் தெரியாத வேலையை நாம் செய்யும்போது, அவர் பார்க்க முடியாது என்பதற்காகக் குறுக்கே போவது. அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் நான் அவரிடம் பொய் சொன்னேன்.

சட்டைக்கான முதல் தேர்வு ஆட்டத்துக்கு 1957இல் கொழும்பிலிருந்து அழைத்தார்கள். கிளப்பே ரயில் நிலையத்துக்கு வந்தது. எங்கள் கிளப்புக்குக் கோல் காக்கும் சவரிமுத்து, "மச்சான், அங்க போயி எங்களத் தெரியாதுன்னு மட்டும் சொல்லிராத" என்று மாலை போட்டான். கொழும்பில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாத மைதானம். நான் அங்கே அடித்த பந்துகளை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒன்றுகூட ஆளிடம் போகவில்லை. எல்லாம் ஒரு கெஜம் விலகி, ரோட்டுப் பக்கமாகவே போயின. என் வலப்பக்கம் ஆடிய கொழும்புக்காரர், ஒரு முஸ்லிம் இளைஞர், மூன்றாவது பந்தைத் துரத்திவிட்டு வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "யாருக்கப்பா அடிக்கிறீங்க? பஸ்ஸுக்கா?"

என்னை அரைநேரத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள். ரயிலில் வரும்போது பந்தைக் குறை சொன்னேன், புல்லைக் குறை சொன்னேன், அந்த இளைஞரின் ஓட்டத்தைக் குறை சொன்னேன். நானுஓயா வரை போகும் ஒரு கங்காணி எதிரில் இருந்தார். அவர் தூங்கிய பிறகும் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்த மறுநாள் ஸ்டோரிலிருந்து நீர்மட்டக் குழாயை எடுத்துக்கொண்டு நம் மைதானத்துக்குப் போனேன். குழாயின் மறுமுனையைச் சவரிமுத்து பிடித்தான். மலையை வெட்டிப் போட்ட மைதானம் அல்லவா? ரோட்டுப் பக்கக் கோட்டுக்கும் ஓடைப் பக்கக் கோட்டுக்கும் மூன்று அடி ஒன்பது அங்குலம் வித்தியாசம். நாங்கள் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பந்து ஓடைப் பக்கம் நழுவும் என்று ரோட்டுப் பக்கமாகத் தள்ளி அடித்தே பழகியவர்கள். கொழும்பு மைதானத்திலும் ஒரு பக்கம் ரோடு இருந்தது. என் கால் அதை மேடு என்று எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம்.

"அப்ப நீ சரியாத்தான் அடிச்சிருக்க, கொழும்புதான் சரியில்ல" என்றான் சவரிமுத்து.

அளந்து பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நான் மோசமான ஆட்டக்காரன் இல்லை, ஒரு கெஜம் பிழையான ஆட்டக்காரன். ஒரு கெஜத்தைத் திருத்தலாம். யாரையாவது, எதையாவது குறை சொல்ல வாய் வந்தால் முதலில் போய் அளந்து பார். பாதி நேரம் குறை உன்னுடையதாக இருக்கும், ஆனால் நீ பயந்த அளவுக்குப் பெரிதாக இருக்காது.

நம் தோட்டத்தில் மட்டமான தரை ஒன்றே ஒன்று, ஸ்டோருக்குள் இருந்தது. தேயிலைப் பெட்டி அடுக்கும் அறை. சனிக்கிழமை லொறி பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனால் ஞாயிறு முழுக்கக் காலி. டீமேக்கர் ஐயாவிடம் கேட்டேன். "சுவர் உடைஞ்சா?" என்றார். "நான்தானே ஃபிட்டர், பூசிடுறேன்" என்றேன். சுவரில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, வலக்காலால் இருநூறு, இடக்காலால் இருநூறு. வட்டத்திலிருந்து எத்தனை அங்குலம் விலகியது என்று ஒவ்வொன்றையும் எழுதினேன். முதல் ஞாயிறு சராசரி பத்தொன்பது அங்குலம். எட்டு மாதத்தில் நான்கு.

அடுத்த அறையில் தேயிலையில் காம்பு பொறுக்கும் பெண்களில் ஒருத்தி, ஒரு ஞாயிறு தன் மறந்துபோன சும்மாட்டுத் துணியை எடுக்க வந்தாள். கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "சுவத்தோட என்ன சண்டை?" என்றாள். நான் சரிவைப் பற்றியும், கெஜத்தைப் பற்றியும், சராசரியைப் பற்றியும் பத்து நிமிடம் விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "சுவரு திருப்பி அடிக்குது, அதுக்கே ஒரு வருஷமா? ஓடுற ஆளுக்கு எப்பத்தான் குடுப்பீங்க?" என்றாள். சரியான கேள்வி. அடுத்த வாரத்திலிருந்து சவரிமுத்துவைக் குறுக்கே ஓடவிட்டு அடித்தேன். கேள்வி கேட்டவள்தான் இப்போது உள்ளே தூங்குகிறாள்.

1959இல் இரண்டாம் தடவை அழைத்தார்கள். அந்த பஸ் இளைஞர் மறுபடியும் என் வலப்பக்கம். முதல் பந்து அவர் காலில் போய் நின்றது. இரண்டாவதும். அவர் கையைத் தூக்கி, "பஸ் போயிருச்சா?" என்று கத்தினார். தொண்ணூறு நிமிடமும் ஆடினேன். முடிந்ததும் தேர்வாளர்கள் மேசையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு படிவம் தந்தார்கள். பெயர், வயது, தொழில். நான்காவது வரியில் பிரஜாவுரிமைப் பத்திரத்தின் எண். என் பேனா அங்கே நின்றது. மேசையில் இருந்த பெரியவர் நல்ல மனிதர், தலையைச் சொறிந்துகொண்டு, "தம்பி, உன் ஆட்டம் எனக்கு வேணும். பத்திரம் இல்லாம உன்ன நான் எங்கயும் நிறுத்த முடியாது. போய்க் கொண்டு வா" என்றார்.

வந்த கையோடு நேரே கவ்வாத்து மலைக்கு ஏறினேன். உன் தாத்தா பத்துப் பேரோடு நிரையில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். பத்துப் பேருக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத் தைரியம் இல்லை. கத்திகள் ஒவ்வொன்றாக நின்றன.

"அன்னைக்குக் கப்பைத் தூக்கிட்டு நான் ஆடினேனேடா" என்றார் தாத்தா. "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு பாத்துக்கிட்டா இருந்த?"

"ஆமாப்பா."

அவர் திரும்பி அடுத்த செடியை வெட்டத் தொடங்கினார். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போடும்போது உன் அப்பாயி, என் அம்மா, நடுவில் நின்று இரண்டு பக்கமும் செய்தி சொன்னாள். ஒன்பதாம் நாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது எல்லோர் காதிலும் விழ என்னிடம் சொன்னார்: "தொரைகிட்ட லீவு கேட்டுட்டேன். கண்டிக்குப் போறோம். காயிதம் நீயே வாசி. நீ வாசிச்சத கிளாக்கரையும் ஒரு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்குவேன்." நிரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், அவர் சிரித்த பிறகு. இன்று வரை தபால் வந்தால் நான் ஒரு தடவை, கிளாக்கர் ஒரு தடவை. அந்தத் தண்டனை எனக்குச் சரிதான்.

வழக்கை மறுபடி எடுக்க ஒரு வருடம் ஆனது. தாத்தா இடைவிடாமல் இங்கேயே இருந்தார் என்று காட்ட வேண்டும். தோட்டத்துச் செக்ரோல், அதாவது வேலைக்கு வந்தவர் பெயர் பதியும் புத்தகங்கள் இருந்தன. ஆனால் இரண்டு வருடத்துப் புத்தகத்தை ஆபீஸ் கூரை ஒழுகி நாசமாக்கியிருந்தது. கிளாக்கர் கையை விரித்தார். எங்கள் லயத்தில் பாதிப் பேர் விண்ணப்பம் தோற்றதே இந்த மாதிரிச் சின்ன ஓட்டையில்தான். அப்போது உன் அம்மா, எங்களுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம், சொன்னாள்: "ஸ்டோர் சுவத்துல கிளப் படம் மாட்டியிருக்கே, மாமா எல்லாப் படத்துலயும் மொறைச்சுக்கிட்டு நிப்பாரே."

நின்றார். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும் கொடி பிடிப்பதும் அவர் வேலை. வருடா வருடம் கிளப் படம் எடுக்கும்போது ஓரத்தில் கொடியோடு நிற்பார். முன்னால் வைத்த பலகையில் வருடம் எழுதியிருக்கும். பதினெட்டுப் படங்களையும் கழற்றி, தேயிலைப் பெட்டிக்குள் வைக்கோல் போட்டு அடுக்கி, ரயிலில் கண்டிக்குக் கொண்டுபோனோம்.

விசாரணை அதிகாரி சிங்களவர். படங்களை மேசையில் பரப்பி ஒன்றொன்றாகப் பார்த்தார். தாத்தா சந்தைச் சிங்களத்திலேயே பதில் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று ரயிலிலேயே உத்தரவு.

"இந்தக் கொடிக்காரன் யார்?"

"நான்தான் மாத்தயா."

"இதில்?"

"அதுலயும் நான்தான்."

"ஏன் எல்லாப் படத்திலும் முகத்தை இப்படி வைத்திருக்கிறாய்?"

"நடுவர் என் கொடியப் பாக்கவே மாட்டாரு மாத்தயா. வேற எப்படி வச்சுக்கிறது?"

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு கிளாக்கர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். புத்தகம் நனைந்துபோன இரண்டு வருடத்துக்கான படங்களின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார். 1961இல் பத்திரம் வந்தது. நான் வாசித்தேன். கிளாக்கர் வாசித்தார். பிறகு தாத்தா இன்னொரு தடவை என்னை வாசிக்கச் சொன்னார்.

போன வருடம், இந்த நாட்டுக்கு வந்த ஒரு வெளிநாட்டு அணிக்கு எதிராக என்னை மாற்று ஆளாகச் சேர்த்தார்கள். கடைசிப் பதினொரு நிமிடம் இறக்கினார்கள். பந்து என்னிடம் ஒன்பது தடவை வந்தது. எட்டு ஆளிடம் போயின, ஒன்று தவறியது. இரண்டு கோலில் தோற்றோம். சட்டை எனக்கு ஒரு அளவு பெரிது. அதைப் போட்டபோது எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கழுத்து அரித்தது. கொஞ்ச நேரம் என்னால் கோடு எது, புல் எது என்று பார்க்க முடியவில்லை. பிறகு பந்து வந்தது, வேலையைப் பார்த்தேன். தாத்தா ஐம்பது சத டிக்கெட் வரிசையில் நின்றுகொண்டு பதினொரு நிமிடமும் கத்தியிருக்கிறார், கொழும்புக்காரர்கள் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா சட்டையை விரித்துப் பார்த்தாள். "பதினொரு நிமிஷத்துல இவ்வளவு அழுக்கா?" என்றாள்.

இப்போது கொழும்பில் ஒரு பட்டறை என்னை ஃபிட்டராக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அவர்களுடைய அணிக்காக. பந்து அடிக்கவும் சம்பளம். அடுத்த மாதம் போகிறேன், நீயும் அம்மாவும் இங்கே தாத்தாவோடு. நம் கிளப்பை விடவில்லை, இந்த ஞாயிறும் ஆடுகிறேன். எனக்குக் காலைத் தந்தது இந்தச் சரிவுதான், பத்திரத்தைத் தந்ததும் இதன் படங்கள்தான். தாத்தாவிடம் கொழும்புக்குப் போவதைச் சொன்னதும், "போ. கொடி பிடிக்க அங்க ஒழுங்கான ஆளு இருக்கானான்னு பாரு" என்றார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நான் இந்த நாட்டுப் பிரஜை ஆனபிறகு பிறந்தவன் நீ. ஆகவே நீயும் பிறக்கும்போதே பிரஜை. விண்ணப்பம் இல்லை, விசாரணை இல்லை, படப்பெட்டி இல்லை. எனக்குப் பத்து வருடம் ஆனதை நீ இன்று காலை ஆறு முப்பத்தைந்துக்கு அழுதுகொண்டே வாங்கிவிட்டாய். மருத்துவச்சி அம்மா உன்னைக் கையில் தந்தபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான். சிரித்துவிட்டேன். ஆனால் ஒன்று. சவரிமுத்து என்னைவிட நல்ல ஆட்டக்காரன். அவன் விண்ணப்பம் தோற்றுவிட்டது. அவன் அப்பா எந்தப் படத்திலும் இல்லை. அவன் மகளுக்கு இரண்டு வயது, நீயும் அவளும் ஒரே லயத்தில் வளர்வீர்கள். உன்னிடம் இருப்பது உன் திறமையால் வந்தது என்று அவளிடம் பேசினால், இருபத்தொரு வயதானாலும் அடிப்பேன்.

பந்து உனக்குப் பிடிக்காமல் போனால் பரவாயில்லை. பிடித்தால், இடக்காலையும் பழக்கு. என் இடக்கால் இன்னும் ஐந்து அங்குலம் பிழை. உள்ளே நீ அழுகிறாய், போகவேண்டும். அடுத்து நான் செய்யப் போவது:

1. இன்று பின்னேரம் கடைக்குப் போய் உன் அம்மாவுக்கு நல்லெண்ணெயும் பூண்டும் வாங்குவது.

2. சவரிமுத்துவின் விண்ணப்பத்துக்கு மேல்முறையீடு எழுதுவது. இந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால். அதை கிளாக்கரையும் வாசிக்கச் சொல்வது.

3. ஞாயிறு காலை இடக்காலால் இருநூறு.

4. நாளை எட்டு மணிக்கு, வேலைக்கு அரைநாள் சொல்லிவிட்டு, உன் பிறப்பைப் பதியப் போவது. பத்திரத்தை எடுத்துக்கொள்வது. தாத்தாவையும் கூட்டிப் போவது.

5. பதிவுகாரர், பிள்ளை எந்த நாட்டவன் என்று கேட்டால், நான் வாயை மூடிக்கொண்டு நிற்பது. தாத்தாவைச் சொல்ல விடுவது.